சரிவில் மூன்று வண்டிகள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தெருவில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதச் சொன்னீர்கள். எழுதிவிடுகிறேன். என் கையெழுத்து தெளிவாகத்தான் இருக்கும்.

வெண்டல் க்ரௌஸ், வயது ஐம்பத்து மூன்று, குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். அது நான்.

டெல்மர் பிங்க்னி, எழுபத்து நான்கு. ஒரு காலத்தில் சினிமா செட்டுகளில் தச்சுவேலை செய்தவர்.

நோஹெமி அரியாஸ், நாற்பது இருக்கும். பட்டறைக்காரர்களுக்குச் சோளமாவு ரொட்டி சுட்டு விற்பவள். ஒன்பது மணிவரை மட்டும்.

நகர அதிகாரி ட்ரெவீனோ, பத்தரை மணியிலிருந்து.

இழுவை லாரி ஓட்டுநர் ஒருவர். பெயர் தெரியாது. சூரியகாந்தி விதையை மென்று தொலியை ரோட்டில் துப்பிக்கொண்டே இருந்தார். பதினான்கு இடத்தில் துப்பினார். பிறகு நான்தான் கூட்டினேன்.

கோர்ஸன் தெரு உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பழைய இரும்பு நொறுக்கும் களம், மறுபக்கம் மூடிக்கிடக்கும் டைல்ஸ் கிடங்கு. நாங்கள் மூன்று பேரும் அங்கே வீட்டுவண்டிகளில் குடியிருந்தோம். மேட்டில் என்னுடையது. நடுவில் டெல்மருடையது. பள்ளத்தில், மழைநீர் வடிகால் வாயை ஒட்டி, நோஹெமியின் பிக்கப் லாரியும் அதன் முதுகில் ஏற்றி வைத்த கூண்டும். பார்த்தால் சமதரை என்றுதான் தோன்றும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் சரிவு தெரியும்.

செவ்வாய்தோறும் தெரு பெருக்கும் வண்டி வரும். மூன்று நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கவும் கூடாது. அதனால் முந்தின நாளே மூவரும் எதிர்ப்பக்கம் மாறுவோம். டெல்மர் வண்டியின் என்ஜின் செத்து நான்கு வருடம் ஆகிறது. நோஹெமி சங்கிலி கட்டி இழுப்பாள். நான் பின்னாலிருந்து தள்ளுவேன். டெல்மர் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்துவார்: "மெதுவா இழு தாயி, பீங்கான் சாமான் எல்லாம் உடஞ்சிரும்." அவரிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் தட்டு.

நான் சுத்தமானவன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேலையிலிருந்து காலை ஏழு மணிக்கு வந்ததும் கையுறை போட்டுக்கொண்டு என் வண்டியைச் சுற்றி எட்டு அடி தூரம் பிளீச் ஊற்றிக் கழுவுவேன். பிறகுதான் படுப்பேன். தெருவில் வாழ்கிறவன் தெருவைப் போல ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. டெல்மர் தன் படியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன மேயரே, ரோட்டுக்கு ஷாம்பு போட்டாச்சா? தலைய சீவி விடலையா?"

மேயர் என்றுதான் என்னைக் கூப்பிடுவார். நோஹெமி சிரிப்பாள்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்செட்டைக் கழற்றி ஜாம் பாட்டில் மூடியில் வைத்து பம்பரின் மேல் வெயிலில் காயவைப்பார். மத்தி மீன் டப்பாவைத் திறந்து விரலால் எடுத்துத் தின்றுவிட்டு விரலைக் கால்சட்டையில் துடைப்பார். தோல் உதிரும். உட்கார்ந்து எழுந்த இடத்தில் வெள்ளையாகத் தூள் கிடக்கும். வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ் போகிறவர். அதற்காக இடது கையில் நரம்பை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அது தோலுக்கடியில் மண்புழு மாதிரிப் புடைத்துக்கொண்டு அதிர்ந்துகொண்டே இருக்கும்.

"தொட்டுப் பாரு மேயரே. பூனை உறுமுற மாதிரி இருக்கும்."

நோஹெமி தொட்டாள். தொட்டுவிட்டு அதே கையால் மாவு பிசைந்தாள். அன்றிலிருந்து அவள் ரொட்டியை நான் வாங்கவில்லை.

என் வண்டிக்கூரையில் சூரியத்தகடு இருக்கிறது. அதனால் தினமும் காலையில் தன் போனை என்னிடம் கொடுத்துச் சார்ஜ் போடச் சொல்வார். அதன் முகத்தில் அவருடைய காதுக்குறும்பி படிந்திருக்கும். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் ஒயரில் மாட்டுவேன். ஒருநாளும் மறுத்ததில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாற்றம் மே மாதத்தில் ஆரம்பித்தது.

எங்கள் வண்டிகளில் கழிப்பறை உண்டு, அதற்கு அடியில் தொட்டி உண்டு. வியாழக்கிழமை உறிஞ்சும் லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும். அது போதாமல் எங்கிருந்தோ கசிந்தது. விளிம்புக்கல்லை ஒட்டி, பழுப்பும் சாம்பலுமாய் ஒரு கோடு. அது டெல்மரின் சக்கரத்தில் முட்டி, அவர் வாசற்படிக்கு முன்னால் குளமாகத் தேங்கும். வெயிலில் மேலே ஆடை கட்டும், பால் ஏடு மாதிரி. கீழே ஈரமாகவே இருக்கும். அவர் அதைத் தாண்டி, செருப்பை நனைத்துக்கொண்டு படியேறுவார். அந்தச் செருப்போடுதான் என் வண்டிக்கு வந்து போன் கேட்பார். அவர் போனபிறகு படியில் ஈரமாக ஒரு பாத அச்சு இருக்கும். அதைக் கழுவும்போது எனக்கு இரண்டு தடவை வாந்தி வந்திருக்கிறது. குளம் யார் வாசலில் இருக்கிறதோ குற்றம் அவருடையது என்றுதான் பார்க்கிற யாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பூட்டைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இந்தப் பழைய வண்டிகளில் முதலில் சாவது கதவின் தாழ்ப்பாள்தான். புதிது கிடைக்காது. அதனால் வெளியே ஒரு நாதாங்கியும் வளையமும் அடித்துப் பூட்டு மாட்டுவோம். வெளியே போனால் பூட்டிவிட்டுப் போவோம். உள்ளே இருந்தால் பூட்டைத் திறந்தபடி வளையத்தில் தொங்கவிடுவோம். தொங்கினால் ஆள் இருக்கிறது, பூட்டியிருந்தால் ஆள் இல்லை. இது எங்கள் தெருவில் மட்டும் இல்லை. எல்லாத் தெருவிலும் இதுதான். உறிஞ்சும் லாரிக்காரர், சர்ச்சிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறவர்கள், நகர அதிகாரிகள், எல்லாரும் கதவைத் தட்டுவதற்கு முன்னால் பூட்டைத்தான் பார்ப்பார்கள். அடுத்தவர் பூட்டில் யாரும் கைவைப்பதில்லை. திருடன்கூட ஜன்னல் வழியாகத்தான் வருவான்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிக்கிழமை ட்ரெவீனோ வந்தாள். குளத்தைப் போட்டோ எடுத்தாள். முழங்கையை மடக்கி மூக்கை மூடிக்கொண்டு எங்கள் மூவரையும் நிற்கவைத்தாள்.

"இது யாரோடது?"

டெல்மர் பல்செட்டை எடுத்து வாயில் மாட்டினார்.

"கேக்குறது காதுல விழுதா? மூணு பேர்ல யாரு தொட்டி ஒழுகுது?"

"எனக்கு ஒரு காதுலதாம்மா விழும்," என்றார் டெல்மர், காதுக்கருவியைத் தொட்டுக்கொண்டு. "அந்தக் காதுக்கு இன்னைக்கு லீவு."

நோஹெமி வாயைப் பொத்திக்கொண்டாள். ட்ரெவீனோ சிரிக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை வருவேன். அதுக்குள்ள எந்த வண்டின்னு தெரியணும். அதை மட்டும் தூக்கிட்டுப் போவேன். தெரியலைன்னா மூணையும் தூக்கிருவேன்."

"மூணையுமா? நாங்க எங்க போய்ப் படுக்கிறது மேடம்?" என்றாள் நோஹெமி.

"அது வேற ஆபீஸ்," என்றாள் ட்ரெவீனோ.

அவள் போனபிறகு நோஹெமி இடுப்பில் கைவைத்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அது வரும் திசையை. பிறகு என்னை.

"தண்ணி மேல இருந்துதானே கீழ வரும்?"

"என்ன சொல்ல வர்ற?" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்றேன். தண்ணியைச் சொன்னேன்."

"ஏன் தாயி மேயரை முறைக்கிற?" என்றார் டெல்மர். "அவரு வண்டியில இருந்து ஒழுகுனா ரோஜாப்பூ வாசமில்ல அடிக்கும். விடு. என்னோடதுன்னு சொல்லிருவோம்."

"உங்களோடதா? பெரியவரே, தூக்கிட்டுப் போயிருவாங்க."

"எப்படித் தூக்குவாங்க? ஆள் உள்ள இருந்தா வண்டியை இழுக்கக்கூடாது, அது அவங்க சட்டம். அதுலயும் டயாலிஸிஸ் கிழவன். தொட்டா அவங்களுக்குத்தான் தலைவலி. ஒரு சீட்டைக் கிழிச்சுக் கையில குடுப்பாங்க, ரெண்டு வாரத்துல சரிபண்ணுன்னு. நான் கிளினிக்ல இருந்து வந்து உள்ள படுத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் என்னைக் கைகாட்டுங்க. நல்லாத் திட்டுங்க, அப்பத்தான் நம்புவாங்க. மேயருக்கு ஒத்திகையே வேண்டாம்."

மூன்று வண்டியும் பிழைக்க அதுதான் வழி என்று அவர் நினைத்தார். மோசமான யோசனை என்று சொல்லமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நோஹெமி கிளம்பத் தயங்கினாள். பெரியவர் கிளினிக்கிலிருந்து வந்தபிறகு போகிறேன் என்றாள். அடுப்பில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது, பட்டறைக்காரர்கள் காத்திருப்பார்கள். நீ போ, நான் இருக்கிறேன் அல்லவா என்றேன். அவள் என் தோளைத் தட்டி, "நீங்க நல்ல மனுசன்தான், வெண்டல்," என்று சொல்லிவிட்டுப் போனாள். சட்டையை மாற்றிக்கொண்டேன்.

பத்தரைக்கு ட்ரெவீனோ வந்தாள், இழுவை லாரியோடு. நடு வண்டியின் பூட்டு பூட்டியிருந்தது.

"இதுதான்னு சொல்றீங்களா?"

"குளத்தைப் பாருங்க மேடம்," என்றேன்.

"ஆள் எங்க?"

"டயாலிஸிஸ். செவ்வாய், வியாழன், சனி."

அது பொய் இல்லை. அந்த நாட்களில்தான் அவர் போவார்.

"எப்ப வருவாரு?"

"சில நாள் மத்தியானம் ஆயிரும்."

அதுவும் பொய் இல்லை. சில நாள் ஆகியிருக்கிறது.

ஓட்டுநர் கதவை மூன்று தடவை தட்டினார். ஜன்னல்களில் வெயிலுக்காக அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது, திருடனுக்காக உள்ளே கம்பி அடித்திருந்தது. எட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு தொலியைத் துப்பிவிட்டு, "பூட்டு வெளிய போட்டிருக்கு மேடம்," என்றார். ட்ரெவீனோ பூட்டைப் பார்த்தாள், தாளில் எழுதினாள். அவள்மேல் தவறு சொல்லாதீர்கள். அந்தப் பூட்டைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள்.

பதினொன்றே காலுக்கு வண்டி நகர்ந்தது. மேட்டில் ஏறி ரயில்பாதைப் பக்கம் திரும்பும்போது பின் ஜன்னலில் தாளின் ஒரு மூலை கிழிந்தது. கம்பிக்கு நடுவில் விரல்கள் தெரிந்தன. நான் கையை உயர்த்தி அசைத்தேன். தெருவை விட்டு ஒருவர் போகும்போது கையசைப்பது மரியாதை.

முதல் நாள் உங்களிடம் பேசும்போது இந்த விரல்களை நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லை.

அன்று வெயில் நூற்றுப் பத்து டிகிரி. வண்டி இருந்த இடத்தை இரண்டு கேலன் பிளீச் ஊற்றித் தேய்த்தேன். டயர் நின்ற இடத்தில் கறுப்பாக நான்கு சதுரம். அவை மட்டும் போகவில்லை. பிறகு படுத்து ஏழு மணி நேரம் தூங்கினேன். பல மாதங்களில் அப்படித் தூங்கியதில்லை. இடையில் மூன்று மணிக்கு மட்டும் நோஹெமி வந்து கதவைத் தட்டினாள்.

"பெரியவரு வண்டி எங்க?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ஆள் உள்ள இருந்தா எடுக்க மாட்டாங்களே?"

"ஆள் வரலை. பூட்டியிருந்துச்சு. தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பாரு."

"அவருக்குத் தங்கச்சி இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்."

அவள் என் கண்முன்னாலேயே அவருக்குப் போன் போட்டாள். எனக்குப் பின்னால், இழுப்பறையில், காலுறைகளுக்கு அடியில் அது அதிர்ந்தது. சத்தத்தை முன்பே நிறுத்தியிருந்தேன். அது அதிர்வது என் முதுகில் பட்டது. அவருடைய அந்தக் கையும் இப்படித்தான் அதிரும் என்று நினைத்தேன். நோஹெமி அழைப்பைத் துண்டித்துவிட்டுப் போனாள். பிறகு போனை முழுவதுமாக அணைத்தேன். துடைத்தும் வைத்தேன். நீங்கள் எடுத்தபோது சுத்தமாகத்தானே இருந்தது?

வியாழக்கிழமை கிளினிக் வேன் வந்து ஆளைத் தேடியது. நோஹெமி மூன்று ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். வெள்ளிக்கிழமை வண்டிகளை அடைக்கும் களத்துக்கே போய்விட்டாள். திறக்க அதிகாரம் இல்லை என்று அங்கே இருந்தவன் சொன்னானாம். இவள் ஜாக்கி கம்பியை எடுத்துக்கொண்டு நின்றாளாம். வாடை அடித்தபிறகு அவனே வெட்டும் கருவி கொண்டுவந்தானாம். இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போட்டோக்களைக் காட்டினீர்கள். சாவி அவர் பையிலேயே இருந்தது, உள்ளே இருப்பவனுக்கு அது எதற்கும் ஆகாது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு வெகுகாலமாகத் துருப்பிடித்து ஒட்டிப்போனது. வாசற்கதவின் உள்பலகையை அவர் கத்தியால் செதுக்கி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை போட்டிருந்தார். அதற்கு அந்தப் பக்கம் தகரம். துளையின் ஓரங்கள் நேராக இருந்தன என்று நீங்கள் சொன்னீர்கள். நல்ல தச்சர்தான். செவ்வாய் மாலையே முடிந்திருக்கும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. புதன்கிழமை வரை என்றால் கஷ்டம்.

புதன்கிழமை காலையில் கோடு திரும்ப வந்திருந்தது. தடுக்க சக்கரம் இல்லாததால், காலியான நடு இடத்தைத் தாண்டி நேராக நோஹெமியின் வண்டி வரைக்கும் போயிருந்தது.

அதனால்தான் நீங்கள் தொட்டிகளைத் திறந்து பார்த்தீர்கள். டெல்மருடைய தொட்டி காய்ந்து கிடந்தது, உள்ளே சிலந்திவலை என்றீர்கள். எனக்கு அது புதிய செய்தி இல்லை. சிறுவயதில் மூன்று பருவம் செவிலியர் படிப்பு படித்துவிட்டு விட்டவன் நான். சிறுநீரகம் முழுக்க நின்றுபோனவருக்குச் சிறுநீர் வராது. அவரே சொல்வார்: "நான் மூத்திரம் போயி மூணு வருசம் ஆச்சு மேயரே. ஒரு சொட்டு வந்தாலும் உனக்குப் பார்ட்டி வைப்பேன்." மற்றதற்குக் கிளினிக்குக்கும் முனையிலிருக்கும் பெட்ரோல் பங்குக்கும் போவார்.

ஒழுகியது என்னுடையது. மே மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தொட்டியின் வால்வில் ஒரு ரப்பர் வளையம் போயிருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். குழாய் முகத்துக்கு நேரே இருக்கும். ஒருநாள் கையுறை, கண்ணாடி, மழைக்கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு படுத்தேன். ஒரு சொட்டு விழுந்தது. உதட்டில். மூன்று நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அடியில் போகவில்லை. அது என்னுடையது இல்லை என்று வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. தண்ணீரும் அங்கே தங்காமல் கீழே போய்விட்டது.

ஜூன் மாதம் ஒரு காலை வேலையிலிருந்து திரும்பினேன். டெல்மர் என் வண்டியின் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார். பூனை மலத்துக்குப் போடும் மண்ணை ஈரத்தின்மேல் தூவி, முறத்தால் அள்ளி, பையில் போட்டுக்கொண்டிருந்தார். கையில் உறை இல்லை.

"வா மேயரே. ஒண்ணும் இல்ல, வால்வு ரப்பர் போயிருக்கு. அஞ்சு நிமிச வேலை. நான் போட்டுத் தரட்டுமா?"

"அது உங்களோடது," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"சரி. என்னோடதுதான். யாரும் கேட்டா அப்படியே சொல்லிக்கலாம்."

அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை நான் வருவதற்குள் அள்ளிவிடுவார். யாரிடமும் சொல்லவில்லை. நோஹெமியிடம்கூட. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. என் வயிற்றிலிருந்து வந்ததை வெறுங்கையால் அள்ளிய மனிதர் அந்தக் கையை நீட்டிப் போன் கேட்டார், மேயரே என்று கூப்பிட்டார், சிரித்தார். அவர் சிரிக்கும்போதெல்லாம் என் அழுக்கை எங்கோ அவர் பத்திரமாக வைத்திருப்பது போல இருந்தது. பிளீச் எட்டாத ஓர் இடத்தில்.

இரண்டு வாரம் அவகாசம் கிடைத்திருக்குமே, அவர் சொன்னபடி செய்திருந்தால் மூவரும் பிழைத்திருப்பீர்களே என்கிறீர்கள். இல்லை. இரண்டு வாரம் கழித்து தொட்டிகளில் சாயம் ஊற்றிச் சோதிப்பார்கள். நீலம் என் வண்டியிலிருந்து வரும். வீடு போய்விடும். நடு வண்டி போய்விட்டால் சோதனையும் இல்லை, கோப்பும் மூடப்படும். அது ஒரு காரணம். முதலில் அது மட்டுமே காரணம் என்று உங்களிடம் சொன்னேன். அது பாதிதான்.

கடைசியாக ஒன்று. நான் பார்த்தபோதே பூட்டு பூட்டித்தான் இருந்தது, அவர் உள்ளே இருப்பது தெரியாது என்று சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாற்பதுக்குக் கிளினிக் வேன் அவரை முனையில் இறக்கியது. டயாலிஸிஸ் முடிந்த நாளில் அவருக்குக் காலில் பலம் இருக்காது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய்க் கூட்டிவந்தேன். அந்தக் கையைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பூட்டைத் திறந்து வளையத்தில் தொங்கவிட்டார். இரண்டு படியும் நான்தான் ஏற்றிவிட்டேன். படுக்கையில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினேன். அவர் காதுக்கருவியைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். போன் வேண்டும் என்றார். இன்னும் சார்ஜ் ஏறவில்லை என்று கையால் காட்டினேன்.

"அந்த ஆபீஸரம்மா வந்தா எழுப்பி விடு மேயரே. நான் பொணம் மாதிரி தூங்கிருவேன். நல்லாத் திட்டு, என்ன?"

சரி என்று தலையாட்டினேன்.

"கதவு திறந்தே கிடக்கட்டும். காத்து வரும்."

"ஈ வரும்," என்றேன்.

என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தார். "ஆமா, உனக்கு ஈ ஆகாது. சாத்திக்கோ."

இறங்கினேன். கதவைச் சாத்தினேன். வளையத்தில் தொங்கிய பூட்டை எடுத்து, நாதாங்கியை மடித்து, பூட்டினேன். இழுத்தும் பார்த்தேன்.